சம்பளம் வாங்காமல் பாடம் சொல்ல வருகிறவர்களுக்கு

"சும்மா வந்து பேசறவங்களுக்குப் போய் என்ன சார் கண்டிஷன்? அவங்க வர்றதே பெரிசு!"

எங்கள் ஏற்பாட்டுக் குழுவில் நண்பர் ஒருவர் சென்ற வாரம் இப்படிக் கேட்டார். கேட்டவர் நல்லவர், நாற்காலி, ஒலிபெருக்கி, குடிதண்ணீர் எல்லாவற்றையும் தாமே முன்னின்று கவனிப்பவர், அவருடைய நோக்கத்தில் குற்றம் காண்பது என் எண்ணமன்று. ஆயினும் அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அங்கே டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலாத விடையை இங்கே சாவகாசமாக எழுதுகிறேன். உங்களுக்கும் அவகாசம் இருந்தால் உடன் வாருங்கள்.

விஷயம் அறியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆகவே பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியிலும் குமணன்சாவடியிலும் டிரங்க் சாலையை ஒட்டி இருக்கிற கல்யாண மண்டபங்கள் அந்த ஒரு மாதம் வெறுமனே கிடக்கும். கேட்கிற விதமாகக் கேட்டால் வாடகையைக் குறைத்தும் கொடுப்பார்கள். அந்தச் சௌகரியத்தை உத்தேசித்து, மார்கழி ஞாயிறு ஒன்றில் காலை முதல் மாலை வரை, மண்டபத்திலும் மாடியிலும் கீழே சாப்பாட்டுக் கூடத்திலுமாக, ஒரே நேரத்தில் மூன்று பாடங்கள் வீதம் நடத்துவது என்று தீர்மானித்திருக்கிறோம். யாருக்கு எது தெரியுமோ அதை அவர் சொல்லிக்கொடுக்கலாம். யாருக்கு எது வேண்டுமோ அந்த அறையில் போய் உட்காரலாம். கட்டணம் இல்லை. பேசுகிறவர்களுக்குச் சன்மானமும் இல்லை. மதியம் சாம்பார் சாதம் உண்டு.

இந்த யோசனை எங்களுக்குத் தானாக உதித்ததன்று. லண்டனில் வசிக்கும் என் பால்ய சிநேகிதர் ஒருவர், தம் அலுவலகத் தோழர் அழைக்க, யூதர்கள் டிசம்பர் மாதக் கடைசியில் நடத்தும் 'லிம்முட்' என்ற கற்றல் மாநாட்டுக்குப் போய் வந்து, அங்கே கண்டதையெல்லாம் தொலைபேசியில் இரவு வெகு நேரம் விவரித்தார். கேட்கக் கேட்க எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. (அவர்களுக்கும் அது மார்கழிதான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் காலியாகக் கிடக்கும் என்பதால், வார்விக், நாட்டிங்காம் முதலிய வளாகங்களில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். காலி மண்டபத்தைக் கண்டால் கூட்டம் போடத் தோன்றுவது எல்லாத் தேசத்தாருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டேன்.)

லிம்முட் இங்கிலாந்தில் 1980-இல் தொடங்கியது. அமெரிக்காவில் யூத ஆசிரியர்கள் நடத்திவந்த மாநாடு ஒன்றைப் பார்த்துவிட்டு, கிளைவ் லாட்டன் உள்ளிட்ட சில இளம் கல்வியாளர்கள், ஒரு நூறு பேரைக்கூட எட்டாத சிறு கூட்டமாக அதை ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வாரம் தங்கிக் கற்கும் மாநாடாக அது வளர்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைத்திருக்கிறது. பெரும்பாலும் தொண்டர்களாலேயே நடக்கிறது. பேசுகிறவர்களும் தொண்டர்களே. வைதிக யூதரும் சீர்திருத்த யூதரும் மதநம்பிக்கையே இல்லாத யூதரும் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். இந்தக் கலப்பு பிடிக்காத வைதிக ரப்பிகள் (யூத குருமார்) பலர் நெடுங்காலம் ஒதுங்கியே இருந்தார்கள். பிரிட்டனின் தலைமை ரப்பியாக இருந்த ஜோனதன் சாக்ஸ், 1991-இல் அந்தப் பதவிக்கு வந்தபின் மாநாட்டுக்குப் போகவில்லை. அவருக்குப்பின் வந்த எஃப்ராயிம் மிர்விஸ் 2013-இல் போனபோது அது செய்தியாகவே பேசப்பட்டது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

சம்பளமில்லாதவருக்கு நிபந்தனை கூடாதென்றால், புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் ஒரு மாதம்கூட நடந்திருக்காது. மாலை வேளைகளில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் கிராமந்தோறும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். அந்தத் தொண்டர்களை, "வந்ததே பெரிசு" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடவில்லை. பயிற்சி முகாமில் உட்காரவைத்து, பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இப்படித் தொடங்கு, பெரியவர்களிடம் இப்படிப் பேசு என்று சொல்லியனுப்பினார்கள். அவர்களும் அதை அவமரியாதையாகக் கொள்ளவில்லை.

மேலும், நம்மிடம் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர். ஆவடியில் வேலை பார்ப்பவர். வாரம் முழுவதும் 54-ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டு நகரத்துக்குப் போய்வருகிற பெண். அவர்களுக்கு மிஞ்சுவது ஞாயிறு ஒன்று. பேசுகிறவர் தமது உழைப்பைத் தருகிறார் என்றால், கேட்கிறவர் தமது ஒரே ஓய்வு நாளைத் தருகிறார். இந்த இரண்டாவது தானத்தை யாரும் மேடையில் சொல்லிப் பாராட்டுவதில்லை.

ஆகவே, பேச வருகிற அன்பர்களே, கோபித்துக்கொள்ளாமல் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், பட்டங்களை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

லிம்முட்டில் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெயர் அட்டை தருகிறார்கள். அதில் பெயர் மட்டுந்தான் இருக்கும். பேராசிரியர் என்றோ ரப்பி என்றோ டாக்டர் என்றோ இராது. இந்த ஒரு செய்தி என் சிநேகிதரை வெகுவாகக் கவர்ந்துவிட்டது. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றவர் யூதர்களின் சாஸ்திர நூலாகிய தால்முத்தில் உலகம் அறிந்த பண்டிதர் என்பது பிற்பகலில்தான் தெரிந்ததாம். நம் ஊரிலோ, வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சாளரின் பட்டங்களை வாசித்தல், மேடையிலிருக்கும் ஒவ்வொருவரையும் 'அவர்களே' என்று விளித்தல் ஆகிய இவையெல்லாம் முடிந்து பாடம் ஆரம்பிக்கும்போது, குழந்தையோடு வந்த தாய் எழுந்து போய்விடுகிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் இதைக் கண்ணால் கண்டேன். அருமையான விஷயத்தைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்த அந்தப் பேச்சாளர், கடைசியில் மீந்த பத்து நிமிஷத்தில் அதைத் திணிக்கப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

பூந்தமல்லிக்கு அருகில் வசித்துக்கொண்டு இதற்கு லண்டன் சாட்சி எதற்கு என்றும் தோன்றுகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள்; அங்கே சந்நிதி கொண்டிருக்கும் திருக்கச்சி நம்பி இந்த ஊரில் அவதரித்தவர். அந்தண குலத்தவர் அல்லர். காஞ்சியில் பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்துவந்தவர். வேதாந்தம் கற்ற இளைஞராகிய ராமாநுஜர், தம் மனத்திலிருந்த சந்தேகங்களுக்கு விடை வேண்டி இந்த நம்பியிடம்தான் போய் நின்றார். அவர் உண்ட சேஷத்தை உண்ண வேண்டுமென்று ராமாநுஜர் ஆசைப்பட்டதும், அது நிறைவேறாமற் போனதும் குருபரம்பரைக் கதைகளில் விரிவாக இருக்கின்றன. நம்பி பெருமாளிடம் கேட்டுவந்து சொன்னவை ஆறே வார்த்தைகள் என்பது சம்பிரதாயம். ஒருவருடைய வாழ்க்கையின் போக்கையே நிர்ணயிக்க ஆறு வார்த்தைகள் போதுமாக இருந்திருக்கின்றன. (இந்தப் பக்கம் வருகிற பேச்சாளர்களை முதலில் அந்தச் சந்நிதிக்கு அழைத்துப்போக வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை.)

அறிவு எங்கெங்கோ இருக்கிறது என்பதற்கு யூதர்களிடத்திலேயே நம் தேசத்து உதாரணம் உண்டு. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த பாட்டுகள், கல்யாணத்துக்கும் பண்டிகைக்குமாகத் தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களில் காப்பாற்றப்பட்டன. அந்தச் சமூகத்தார் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின், ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டுகளைத் தேடிப் போய்ப் பாட்டிமார்களிடம் பாடம் கேட்டார்கள். நம்மில் உ.வே. சாமிநாதையர் செய்ததும் அதுதானே! கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர், சீவக சிந்தாமணியில் விளங்காத இடங்களுக்கு ஊரிலிருந்த ஜைனர்களுடைய வீட்டுக்குப் போய், அவர்கள் மதக் கடமையாகச் சிரவணம் செய்துவந்த அந்நூலைப் பற்றி அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். 1887-இல் வெளிவந்த பதிப்பில் அந்த ஜைனர்களுடைய ஞானமும் கலந்திருக்கிறது. உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உங்கள் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாதது ஒன்று தெரிந்திருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு இடம் வைத்துப் பாடத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி இடம் வைப்பது? இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. இங்கே சற்று நிதானமாகப் போகலாம்.

மூலத்தைக் கையில் கொடுங்கள்.

லிம்முட் மாநாட்டில் பல பாடங்களில், பேச்சாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாள் கைக்கு வந்துவிடுகிறது. அன்றைக்குப் படிக்கப்போகும் மூலவாக்கியங்கள், அவற்றின் மொழிபெயர்ப்பு, எந்த நூலில் எந்த இடம் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். பேச்சாளர் சொல்லும் வியாக்கியானம் சரியா என்று கேட்கிறவரே பார்த்துக்கொள்ளலாம்; ஒப்பவில்லையானால் ஆட்சேபிக்கலாம்; வீட்டுக்குப் போய் மறுபடி படிக்கலாம். இது யூதர்களுக்குப் புதிய உபாயமன்று. வெனிஸ் நகரத்தில் டேனியல் பாம்பர்க் என்ற அச்சுக்காரர் 1520 முதல் 1523 வரை அச்சிட்ட தால்முத் பக்கத்தைப் பாருங்கள்: நடுவே மூலம், உட்புறத்தில் ராஷி என்ற பதினோராம் நூற்றாண்டுப் பண்டிதரின் உரை, வெளிப்புறத்தில் அவருக்குப் பின்வந்தவர்களின் விவாதங்கள். அந்தப் பின்வந்தவர்களில் ராஷியின் பேரப்பிள்ளைகளும் உண்டு. பாட்டனாருடைய கருத்தைப் பேரன் அதே பக்கத்தில் மறுக்கிறான். அச்சுக்காரர் இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பதின்மர் உரைகண்ட திருக்குறளையும், ஈடு என்ற வியாக்கியானத்தையும் கையில் வைத்திருக்கிற நமக்கு இந்தப் பக்கத்தைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது.

தாளைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். ஒரே தாள், மிஞ்சினால் இரண்டு பக்கமும். அதற்குமேல் போனால் மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை மறந்துவிட்டு வருவார்கள். வரிகளுக்கு எண் போடுங்கள். "நாலாவது வரி" என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் தேடலிலேயே நேரம் கழியும். ஓரத்தில் எழுத இடம் விடுங்கள். சாவடி முனையில் இருக்கிற ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்நேரம் திறக்கும் என்பதை நம்பி இருக்க வேண்டாம், சனிக்கிழமையே எடுத்துவிடுங்கள்.

தாளைக் கொடுத்தபின் என்ன செய்வது? பேசாமல் இருப்பது.

ஆம், இருவர் இருவராக உட்காரவைத்து, மூலத்தை உரக்கப் படித்துத் தர்க்கிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். இதை யூதர்கள் 'ஹவ்ரூதா' என்கிறார்கள். யூதக் கல்விச்சாலைகளில் போய்ப் பார்த்தால் மௌனம் இராது. ஒரு பெரிய கூடம் முழுவதும் ஜோடி ஜோடியாக மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து கையை ஆட்டி வாதாடிக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தால்முத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயா நாட்டில் ரப்பி யோஹனான் என்று ஒரு மகாபண்டிதர் இருந்தார். கொள்ளைக்காரனாக இருந்த ரேஷ் லாகீஷ் என்பவன் அவரால் கல்விக்குத் திரும்பி, அவருக்கே கற்றல்துணையாகவும் மைத்துனனாகவும் ஆனான். இருவரும் ஒரு நாள் வாக்குவாதத்தில் மனம் புண்பட்டுப் பிரிந்தார்கள். துயரத்தில் ரேஷ் லாகீஷ் இறந்துபோனான். யோஹனானின் வருத்தத்தைத் தணிக்க வேறொரு பண்டிதரைத் துணையாக அனுப்பினார்கள். அவர் நூலறிவு மிக்கவர். யோஹனான் எதைச் சொன்னாலும், தாங்கள் சொல்வதற்கு இன்ன இடத்தில் ஆதாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொடுத்தார். யோஹனானுக்கு அழுகை வந்துவிட்டது. ரேஷ் லாகீஷ் இருந்தால் ஒவ்வொரு கூற்றுக்கும் இருபத்துநான்கு ஆட்சேபம் கிளப்புவான், நான் இருபத்துநான்கு விடை சொல்வேன், அதனால் விஷயம் விரிந்தது, நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்ல ஒருவர் வேண்டுமா என்று கேட்டு, ஆடையைக் கிழித்துக்கொண்டு தோழனைத் தேடித் தெருவில் அலைந்தாராம்.

இந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குறள் வகுப்பில் ஜோடிமுறையைப் பரீட்சை செய்துவருகிறேன். கேள்வி அதிகாரத்திலிருந்து ஒரு குறளைக் கொடுத்து, பரிமேலழகர் உரையையும் கீழே அச்சிட்டுக் கொடுத்தோம். முதல் வாரம் எல்லோரும் தாளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு சப்தமும் இல்லை. "படிச்சுப் பேசுங்க" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது என்று தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு கேள்வி கொடுத்தோம்: உரைகாரர் சொல்லும் பொருளை உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சொன்னால் அவர் என்ன மறுப்புச் சொல்வார்? கூடம் கலகலவென்று ஆகிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற பையன் ஒருவனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. "ஐயா, நீங்க சொல்றது படிச்சவனுக்குச் சரி, என் ஃபோர்மேனுக்கு எப்படிய்யா பொருந்தும்?" என்று அவன் கேட்க, அவர் யோசித்து யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பிறகு சிறிது சிறிதாக வேறு சிலவும் புலப்பட்டன. கணவனையும் மனைவியையும் ஒரு ஜோடியாக உட்காரவைத்தால் ஒருவரே பேசுகிறார். பிரித்துவிட்டால் இருவரும் பேசுகிறார்கள். மூன்று பேராக உட்கார்ந்தால் மூன்றாமவர் செல்போனை எடுத்துவிடுகிறார். படிக்கத் தயங்குகிறவர் இருப்பார். ஆகவே யார் உரக்கப் படிப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். ஜோடிகளுக்கிடையே நடமாடுங்கள், அருகில் நின்று கேளுங்கள், விடை சொல்லிவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பை முதலில் சொல்லுங்கள். ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசிரியர்களின் மாணாக்கர் கூட்டங்கள் பல விஷயங்களில் ஒத்துப்போகாதவை. கடைசியில் ஹில்லேல் பக்கத்தாரின் தீர்ப்பே நிலைத்ததற்குத் தால்முத் சொல்லும் காரணம், அவர்கள் சாந்தமானவர்கள், தங்கள் கருத்துக்கு முன்பு எதிர்ப்பக்கத்தாரின் கருத்தை எடுத்துச் சொல்வார்கள் என்பதே. அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முதலில் வைத்து, அதன்பிறகு அல்லவா சுபக்கத்துக்கு வருகிறார்? சென்ற தலைமுறைகளின் இந்த மரியாதை நம் மேடைகளில் குறைந்துவருகிறது. எதிராளியின் கருத்தை, அவரே கேட்டால் "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்தபின் மறுப்பைத் தொடங்குகிற பேச்சாளரைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

விஷயத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். 'யூதர் வரலாறு' என்று ஒருவர் ஒரு மணி நேரத்துக்குத் தலைப்புக் கொடுத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதையே நம் சென்னையில் ஒரு தெருவுக்குச் சுருக்கிக் கொடுக்கலாமே! ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவராகிய ஜாக் டி பைவா 1687-இல் இங்கேயே இறந்தார். மறு ஆண்டு, 1688-இல், சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மென் பதவி பெற்றவர்களில் மூவர் யூத வணிகர்கள். அந்தச் சமூகத்தின் சிறிய கல்லறைத்தோட்டம் இன்றைக்கும் லாயிட்ஸ் சாலையில் இருக்கிறது. தெரு, கல்லறை, பதவிப் பட்டியல் ஆகிய இம்மூன்றையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து, இந்த வணிகர்கள் ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று ஜோடிகளைக் கேட்டால் ஒரு மணி நேரம் போதாது.

சொல்லும் உருவத்தையும் யோசியுங்கள். எல்லாவற்றையும் சொற்பொழிவாகவே சொல்ல வேண்டும் என்று விதியில்லை. கொங்கணக் கடற்கரையில் செக்காட்டி எண்ணெய் விற்று வாழ்ந்த பெனே இஸ்ரவேலர், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் 'சனிவார் தேலி' என்றே அழைக்கப்பட்டார்கள். அவர்கள் 1880-ஐ ஒட்டி, அக்கம்பக்கத்து மராட்டியர்களின் கீர்த்தன உருவத்தை எடுத்துக்கொண்டு, ஆபிரகாம், யோசேப்பு முதலியோரின் சரித்திரங்களை மராட்டியில் பாட்டும் வசனமுமாகச் சொல்லத் தொடங்கினார்கள். அதே மராட்டிக் கீர்த்தனந்தான் தஞ்சாவூருக்கு வந்து, கிருஷ்ண பாகவதர் கையில் நம் ஹரிகதையாக மலர்ந்தது. பாட வருமானால் பாடுங்கள். பொம்மலாட்டம் தெரியுமானால் அதைக் கொண்டுவாருங்கள்.

படம் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூத மாநாடுகளில் வெள்ளிக்கிழமை சூரியாஸ்தமனம் முதல் சனிக்கிழமை இருட்டும் வரை சப்பாத் ஓய்வு. நியமம் பேணுகிறவர்கள் அப்போது எழுத மாட்டார்கள், மின்கருவிகளைத் தொட மாட்டார்கள். அந்த நேரத்தில் பாடம் சொல்ல வருகிறவர் யாராயினும் திரையில் காட்டும் படமும் ஒலிபெருக்கியும் இல்லாமல் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். நமக்கு அந்த நியமம் இல்லை. ஆனால் நம் ஊரில் வேறொரு காரணம் இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்தவர்களும் படிக்கிறவர்களும் எங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறார்கள், நம் எல்லோரையும்விட உன்னிப்பாகக் கேட்கிறார்கள். "இதோ இந்தப் படத்தில் பார்க்கிறீர்களே, அது போல" என்று திரையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டால், அவர்களை அறைக்கு வெளியே நிறுத்தியதாகவே ஆகும். படத்தில் என்ன இருக்கிறது என்பதை வாயால் சொல்லுங்கள். தாளிலுள்ள மூலத்தை ஒருமுறை முழுதும் உரக்கப் படியுங்கள். முன்கூட்டியே வாசகத்தை அனுப்பினால் பிரெயிலில் எடுத்து வைக்க எங்களில் ஒருவர் முயற்சி செய்கிறார். ஜோடிமுறையில் அவர்கள் எவ்வளவு எளிதாகக் கலந்துகொள்கிறார்கள் என்பதைக் கண்டபின், திரையில்லாத பாடங்களையே நான் அதிகம் விரும்புகிறேன்.

மிஞ்சிய தாள்களைக் கீழே போட்டுவிட்டுப் போகாதீர்கள். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு நெருங்கிய உறவாக, தெய்வப் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடாமல் ஓர் அறையில் சேர்த்துவைத்துப் பின்னர் புதைப்பது யூதர்களின் வழக்கம். கெய்ரோவில் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில் அப்படிச் சேர்ந்த தாள்களை ஸாலமன் ஷெக்டர் 1896-97-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். கோய்டைன் என்ற அறிஞர் அவற்றைப் படித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களையும் கணக்குகளையும் அடையாளம் கண்டார். யாரும் எறியாமல் வைத்ததால் நம் மேற்குக் கடற்கரையின் சரித்திரம் ஒரு பங்கு பிழைத்தது. நாங்கள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைக்கிறோம். மிச்சத் தாள்களை அதில் போட்டால் நூலகத்துக்குக் கொடுத்துவிடுவோம்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது நிமிஷத்தில் முடியுங்கள். மீதிப் பத்து நிமிஷம் அடுத்த அறைக்குப் போகிறவர்களுக்குச் சொந்தம். கேள்விக்கென்று கடைசியில் நேரம் ஒதுக்குவதைவிட நடுநடுவே கேட்கவிடுவது நல்லது. தெரியாததைக் கேட்டால் "தெரியாது, யாருக்காவது தெரியுமா?" என்று சபையைப் பார்த்துக் கேளுங்கள், பெரும்பாலும் பின்வரிசையில் ஒரு கை உயரும். நடுவில் யாராவது எழுந்து அடுத்த அறைக்குப் போனால் மனம் தளராதீர்கள். அங்கிருந்து எழுந்து உங்களிடம் வருகிறவரும் இருப்பார்.

கடைசியாக ஒரு நிபந்தனை. நண்பர் சம்மதிக்காவிட்டாலும் இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பாடம் சொல்ல வருகிறவர் ஒவ்வொருவரும் அன்றைக்குக் குறைந்தது ஒரு பாடத்தையேனும் கேட்க வேண்டும். தம் நேரம் வரும்போது காரில் வந்து இறங்கி, பேசி முடித்தவுடன் கிளம்புகிறவரை, அவர் எவ்வளவு பெரியவராயினும், நாங்கள் வேறொரு சந்தர்ப்பத்தில் அழைத்துக்கொள்கிறோம். லிம்முட்டில் காலையில் ஆசிரியராக நின்றவர் அடுத்த மணியில் வேறொருவருக்கு மாணாக்கராக உட்கார்ந்திருப்பார். மாநாட்டின் உயிரே அதுதான் என்று என் சிநேகிதர் சொன்னார். எனக்குப் பதினொரு மணிக்கு மாடியில் ஒரு பாடம் கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில், எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள், பழைய புடைவையின் கரையைப் பார்த்து அது எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று சொல்வது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் பழைய புடைவை இருந்தால் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். என் தாயாருடையது ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன்.